தங்கைக்கும் ஒரு வாழ்க்கை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று அக்காவிடம் சொல்லாதது: அந்த டாக்டர் ஹேமாவதி நான்தான்.

சாதம் வடித்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இதப் படிச்சுப் பாரு மிருது. இந்த டாக்டரம்மா நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டுப் போனவங்களாட்டம் எழுதறாங்க."

போன வெள்ளிக்கிழமை வந்த பதில். கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசாமல், வீட்டுப் பூனையிடம் சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்திய கதையை டாக்டர் அதில் சொல்லியிருந்தார். 'ஏ பூன, உங்கம்மாகிட்டச் சொல்லு, எனக்கு இன்னிக்குச் சோறு வேண்டாம்னு.' தன்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி என்று எழுதியிருந்தார். அப்படி யாரும் வரவில்லை. அது எங்கள் அப்பா. அந்தப் பூனை செத்தபிறகு எங்கள் இரண்டு பேரையும் தூது அனுப்பினார்.

"பூனைகிட்டப் பேசற ஆளுக ஊருக்கு ஊரு இருப்பாங்க போல," என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கஞ்சி பொங்கியது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஹேமாவதி என்று சென்னையில் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். மனநல மருத்துவர். பெண்களுக்கான ஓர் இணையதளத்தில் அவருடைய படத்தைப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் வாசகர் கேள்வி ஒன்றுக்கு அவர் பதில் சொல்வதாக வருகிறது. கேள்விகளை, எனக்கு எழுத்து வேலை தரும் ஏஜென்சியில் பிரசன்னா என்பவர் அனுப்புவார். நான் எழுதி அனுப்புவேன். டாக்டரிடம் நான் பேசியதில்லை. எழுதுவது நான் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒப்பந்தத்துக்காகத்தான் அக்காவிடம் சொல்லவில்லை என்று இங்கே எழுதிவைக்கலாம். எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் நம்பும்படி இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வெட் கிரைண்டர் கம்பெனிக்காரர் காலையிலேயே கூப்பிட்டார். அவருடைய இணையதளத்துக்கு 'எங்களைப் பற்றி' பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அம்மிணி, நீங்க எழுதுனது நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா படிச்சா ஒரு இது வரலீங்க."

"எதுங்க?"

"அதானுங்க. ஒரு இது."

"பாரம்பரியம்னு போடட்டுங்களா?"

"போடுங்க, போடுங்க. ரெண்டு எடத்துல போடுங்க."

"கம்பெனி ஆரம்பிச்சு எத்தன வருசமாச்சுங்க?"

"அது ஆச்சுங்க, நாலு வருசம்."

மூன்று இடத்தில் போட்டேன்.

சமையலறைக்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மேசை இப்போது சமையலறை வாசலையொட்டித்தான் கிடக்கிறது. ஜன்னலோரத்தில் அவர்கள் இருவருக்கும் பாய் விரிக்க இடம் வேண்டியிருந்தது. தீபாவளி முடிந்த கையோடு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு வந்தாள். அப்பா அம்மா இல்லை. என்னுடைய இந்த இரண்டு அறை வீட்டைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. நேத்ராவை அடுத்த தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் பாதி வருடத்தில் சேர்த்தோம்.

மாமா அடிக்கமாட்டார். குடிக்கமாட்டார். கோபியில் உரக்கடை வைத்திருக்கிறார், வியாபாரத்தில் சுத்தம் என்று பெயர். பேசமாட்டார், அவ்வளவுதான். ஏதாவது மனத்தாங்கல் என்றால் மாதக்கணக்கில் அக்காவோடு பேசமாட்டார். இந்தமுறை என்ன மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் கஷ்டப்படுவாள் என்று கேட்கவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

நாள் முழுக்கப் பல் மருத்துவமனை விளம்பரம். 'உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு.' தலைவலி.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் வீட்டில் நான் மட்டும். பெருந்துறையில் ஒரு கல்யாணம், அக்காவும் நேத்ராவும் போயிருந்தார்கள். இந்த இரண்டு நாளுக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தேன். மேசைக்கு அடியில் கலர் பென்சில் இருக்காது. 'சித்தி, யானைக்கு எத்தனை முட்டி?' இருக்காது. குக்கர் விசில் இருக்காது.

ஒரு வரி எழுதவில்லை. டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவலைப் படித்தேன். அதில் எல்லோரும் எவ்வளவு பேசுகிறார்கள்! கதவைத் திறந்து உள்ளே வருகிறவன் நின்ற இடத்திலேயே பத்துப் பக்கம் தன் மனதைக் கொட்டுகிறான். யாரும் அவனைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டாயா என்பதோடு எல்லாம் முடிந்துவிடும்.

சாயங்காலம் வந்துவிட்டார்கள். அக்கா தாம்பூலப்பையிலிருந்து சாத்துக்குடியை எடுத்துக் கொடுத்தாள்.

"நிம்மதியா வேல பாத்தயா?"

"ம். நெறைய முடிஞ்சுதுக்கா."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பிரசன்னா கேள்விகளை அனுப்பியிருந்தார். நான்கு. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்து அனுப்புவார்கள். மூன்றாவது கேள்வியை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

'வணக்கம் டாக்டர். எனக்கு முப்பத்தஞ்சு வயசு. ஒரே மகள், ரெண்டாவது படிக்கிறாள். வீட்டுக்காரர் அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், ஆனால் பேசமாட்டார். மாசக்கணக்கில் பேசமாட்டார். இப்ப நான் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. ரொம்ப நல்லவள். ஆனால் அவளும் எதையும் சொல்லமாட்டாள். நாங்கள் இருப்பது அவளுக்குக் கஷ்டமா இல்லையா தெரியவில்லை. கேட்டால் அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா என்பாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு அதுதான் பதில். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இங்கேயே இருப்பதா, திரும்பிப் போவதா என்று முடிவு பண்ணணும். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? நீங்களே சொல்லுங்க.'

ஊர் என்ற இடத்தில் ஈரோடு மாவட்டம் என்று இருந்தது. அந்த மாவட்டத்தில் பேசாத கணவர்கள் ஏராளம். வீட்டிலிருந்து வேலை செய்யும் தங்கைகளும் இருப்பார்கள். வேறு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று நான்காவதைத் திறந்தேன். மாமியார் டிவி ரிமோட்டைத் தர மறுக்கிறாராம். மூடினேன்.

சாயங்காலம் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

பிப்ரவரி 18, புதன்

நிதானமாக யோசித்துவிட்டேன். எழுதியது அக்காதான். ஆனால் டாக்டர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னிடமே கேட்டிருப்பாளே. பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் கேட்பதற்கு யாராவது சென்னைக்கு எழுதுவார்களா? படித்த டாக்டர், முகம் தெரியாதவர், நல்லது சொல்வார் என்று எழுதியிருக்கிறாள். எல்லோரையும் போல.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த டாக்டரம்மா எல்லாத்துக்கும் பதில் சொல்லுவாங்களா?"

"வாரத்துக்கு ஒண்ணுதான் போடுவாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீதான காட்டுனே."

"ஆமா," என்றாள். "நாந்தான் காட்டுனேன்."

நேத்ராவின் சட்டையை இரண்டு தரம் மடித்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூன்று முறை எழுதினேன்.

முதல் பதிலில், தங்கையிடம் நேராகவே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டாக்டர்கள் சொல்லக்கூடியதுதான். ஆனால் நேராகக் கேட்டால் அந்தத் தங்கை என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அழித்தேன்.

இரண்டாவது முந்நூறு சொல் எல்லையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அக்கா என் சைக்கிளின் பின்னால் ஓடிவந்தது, கல்லூரியில் சேர்ந்தபோது என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதி மாடி ஏறியது, கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து கிளம்பும்போது அழாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. ஒரு மனநல மருத்துவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதையும் அழித்தேன்.

மூன்றாவதை அனுப்பினேன். 'கணவன் மனைவி பிரச்சனை தீர' என்ற தொடர் இரண்டு இடத்தில் வரவேண்டும், கூகுளில் அதைத் தேடித்தான் பெண்கள் அந்தப் பக்கத்துக்கு வருகிறார்களாம். சேர்த்தேன். கடைசிப் பத்தி இப்படி:

'தங்கைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதில் உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இடம் இருக்கிறது. அவள் சொல்லவில்லை என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. சிலருக்கு அன்பு இருக்கும், அதைச் சொல்லும் பழக்கம் இருக்காது. அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.'

இது உண்மையா? தெரியவில்லை. நான் எழுதும் எதையும் நான் நம்பியதில்லை. புன்னகைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது, நாலு வருடத்துக் கிரைண்டரில் பாரம்பரியம் கிடையாது. நன்றாக ஒலிக்கும் ஒரு வரி வந்தால் அதுவே உண்மை மாதிரி எனக்குத் தோன்றத் தொடங்கிவிடும். இந்த வரியும் நன்றாகத்தான் ஒலிக்கிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. காலையில் என் மேசைமேல் நேத்ரா பாலைக் கொட்டியபோது, ஜூன் சீக்கிரம் வரட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். அதுவும் நான்தானே.

இருந்தாலும் அனுப்பியபிறகு மனம் லேசாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

பதில் வரவில்லை. அக்கா காலையிலேயே போனைப் பார்த்தாள். போன வாரமும் பார்த்தாள்.

பிரசன்னாவைக் கூப்பிட்டேன்.

"அந்தத் தங்கச்சி மேட்டர் சூப்பரா வந்திருக்கு மேடம். மகளிர் தினம் ஸ்பெஷல் ஓடுது, அது முடியட்டும். மாசக் கடைசில போட்டுடலாம்."

"டாக்டர் பாத்தாங்களா?"

"டாக்டர் எங்க மேடம் பாக்கறாங்க. போட்டோ மாத்தச் சொன்னாங்க, மாத்தியாச்சு."

மார்ச் 14, சனி

கேஸ் தீர்ந்து, மாற்று சிலிண்டர் வர மூன்று நாளாகுமாம். மின்சார அடுப்பில் ஒவ்வொன்றாகச் செய்து, இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒறம்பரையாட்டம் வந்துட்டு உனக்குச் செரமம் குடுத்துட்டிருக்கறேன்," என்றாள்.

கேஸ் தீர்ந்ததற்கும் விருந்தாளிக்கும் என்ன சம்பந்தம்? "அதெல்லாம் ஒண்ணு" வரை வந்துவிட்டேன். பாதியில் நிறுத்தி, "ரசம் நல்லாருக்குதுக்கா," என்றேன்.

டாக்டரின் பதில் வரட்டும். அதில் எல்லாம் இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

வந்துவிட்டது.

அனுப்பியதை நான் திரும்பப் படிப்பதில்லை. வெளிவந்த பிறகு படித்தால் ஒவ்வொரு சொல்லும் உறுத்தும், அடுத்த வேலை ஓடாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். வந்துவிட்டது என்று பிரசன்னாவின் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா படித்துவிட்டாள். போன் அடுப்பு மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகத்தில் கலக்கம் இல்லை. இத்தனை நாளாக இருந்த ஒரு தவிப்பு போய்விட்டதுபோலத் தெளிவாகத்தான் இருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நேத்ராவின் தலைக்கு எண்ணெய் வைத்து, எனக்கும் வைத்துவிட்டாள். காது ஓரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது மேசையைப் பழையபடி ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள். பாய்களைச் சுருட்டி அலமாரிமேல் வைத்திருந்தாள்.

"உனக்கு இங்கதான நல்லாருந்துச்சு," என்றாள்.

இனி இங்கேதான் என்று முடிவெடுத்துவிட்டாள், அதனால்தான் வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைக்கிறேன். தேங்க்ஸ் என்று சொன்னேன். அதையாவது சொன்னேனே.

ஏப்ரல் 9, வியாழன்

கிரைண்டர்காரருக்கு மறுபடியும் ஒரு 'இது' வரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

நேத்ராவுக்குப் பரீட்சை முடிந்தது. அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "சனிக்கெழம மாமா வர்றாங்க. கூட்டீட்டுப் போக."

"லீவுக்கா?"

"இல்ல. அங்கயே பள்ளிக்கூடம் பாத்துக்கலாம்னு."

"மாமா பேசுனாங்களா?"

"நான் பேசுனேன். வான்னு சொன்னாங்க." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "ஒரே வார்த்த. அதையே எட்டு மாசத்துக்கப்புறம் கேக்கறேன்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இதோ இப்போது தெரிகிறது. அப்போது, "சரிக்கா," என்றேன்.

கீரையை அலசப் போய்விட்டாள்.

டாக்டர் கிளம்பாதீர்கள் என்றுதானே சொன்னார்? ஏன் கேட்கவில்லை? நான் எழுதியதில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லையா?

ஏப்ரல் 18, சனி

மாமா பதினோரு மணிக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்தார். காரில் பைகளை அவரே ஏற்றினார். என்னிடம், "வரட்டுங்களா," என்றார். ஒரு கெட்ட மனிதரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கூச்சப்படுகிறவர் மாதிரி இருந்தார். என்னைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரியும் இருந்தது. அதனால் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா என் கன்னத்தைத் தொட்டாள். "நேரத்துக்குச் சாப்புடு."

"ம்."

ஏப்ரல் 20, திங்கள்

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன்.

கடைசிப் பத்தி: 'தங்கைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவசரப்பட்டு எடுத்த முடிவை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. கணவன் மனைவி பிரச்சனை தீர முதல் அடியை நீங்களே எடுத்து வையுங்கள்.' கீழே ஒரு திருமணத் தகவல் நிறுவனத்தின் விளம்பரம், மாலையோடு ஒரு ஜோடி.

பிரசன்னாவைக் கூப்பிட்டேன்.

"வேர்ட் கவுன்ட் தாண்டிடுச்சு மேடம். அதுவுமில்லாம ஸ்பான்சர் மேட்ரிமோனி. சேந்து வாழற மாதிரி முடிச்சாத்தான் அவங்களுக்கும் நல்லது."

"முதல் வரிய மட்டும் வெச்சுட்டு அடுத்தத வெட்டியிருக்கீங்க."

"வெச்ச வரி நீங்க எழுதினதுதான மேடம்? அந்த வரியில நான் ஒரு வார்த்தகூடச் சேக்கலியே."

உண்மைதான். சேர்க்கவில்லை. 'தங்கைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது' என்பது என் கையால் எழுதியதுதான். ஏன் அதை முதலில் வைத்தேன்? இடம் இருக்கிறது என்று தொடங்கியிருக்கலாமே. அப்படித் தொடங்கியிருந்தால் வெட்டினாலும் மிஞ்சியிருக்கும். இத்தனை வருடம் எழுதுகிறேன், முக்கியமானதை முதலில் வை என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அப்படியானால் எனக்கு எது முக்கியமாக இருந்தது?

ஏப்ரல் 23, வியாழன்

போனில் 'அக்கா' என்று தட்டச்சு செய்து நிறுத்தினேன். 'அன்புள்ள அக்கா' என்று மாற்றினேன். இரண்டாவது வரி அழகாக வந்தது. அழித்துவிட்டேன்.

சொன்னால் மட்டும் என்ன? டாக்டர் சொன்னதைக் கேட்டுப் போனாள். அது நான் என்று தெரியாது. தெரிந்தால் ஏமாந்ததாக நினைப்பாள். தெரியாமலே இருந்தால், யாரோ ஒரு டாக்டர் சொன்னார், போனேன் என்று இருந்துவிடுவாள். எது நல்லது?

ஆனால் பூனை. பூனையைப் படித்த அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை.

ஏப்ரல் 25, சனி

கோபிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேசவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சத்தியமங்கலம் வந்தபோது எல்லாம் மறந்துபோனது.

அத்தை, அக்காவின் மாமியார், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கடையில். நேத்ரா எதிர்வீட்டில் விளையாடப் போயிருந்தாள். அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துவைக்கும் கல், நிறைய ஈரத்துணி. உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன்.

"அந்த டாக்டர் நான்தான்க்கா."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பூன வந்தன்னிக்கே. அப்பாவோட பூன ஊருக்கு ஊரு இருக்குமாக்கும்?"

"தெரிஞ்சேதான் எழுதுனயா?"

"பின்ன? உங்கிட்டக் கேட்டா ஒண்ணுமில்லைம்பே. அந்தம்மாவா இருந்தா வாயத் தொறக்கறயேன்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன்." துணியை உதறினாள். தண்ணீர் என்மேல் தெறித்தது. "பதில் வந்துச்சு. தங்கைக்கும் ஒரு வாழ்க்கை இருக்குதுன்னு. சரி, அவ வாயால சொல்ல முடியல, எழுதிட்டா, போயிரலாம்னு வந்துட்டேன்."

"அது பாதிக்கா. மீதிய வெட்டிட்டாங்க. இதப் பாரு, நான் அனுப்புனது." போனை எடுத்து நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. "படிக்கமாட்டேன்," என்றாள். "படிச்சதெல்லாம் போதும். வாயில சொல்லு."

போனை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது, அப்படியே வாசித்துவிடலாம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை அணைத்தேன்.

"வீட்டுல சத்தமே இல்லக்கா," என்றேன். "நீ... இருந்திருக்கலாம். நேத்ராவும். இருங்கன்னு சொல்லியிருக்கணும். மேசைய நீ எதுக்கு நகத்துனேன்னு அன்னிக்கே சண்ட போட்டிருக்கணும். எனக்குச் சொல்ல வரல. வந்துரு அக்கா. ரெண்டு பேரும்."

இவ்வளவுதான். முந்நூறு சொல் வரவில்லை, இருபதே வந்தது. அதற்குள் அழுதுவிட்டேன்.

அக்கா துணியைப் பிழிந்தாள். பிறகு மெதுவாக, சண்டையில்லாத குரலில் சொன்னாள்.

"இங்க ஒரு மனுசன் பேசலைன்னுதான் உங்கிட்ட வந்தேன். அஞ்சாறு மாசம் இருந்தேன். ஊர்ல இருக்கற பொம்பளைகளுக்கெல்லாம் வெள்ளிக்கெழமையானா புத்தி சொல்றே. எதுக்காக வந்தேன்னு என்னைய ஒரு நாள் கேட்டயா?"

"கேக்கல."

"இவரு பேசாததுக்குப் பழகிட்டேன் மிருது. உன்னோடதுக்குப் பழக முடியல."

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "யாரு கோகிலா, அம்மிணியா வந்துருக்குது? வெயில்ல நிக்க வெச்சுப் பேசீட்டிருக்கறே. சோத்தப் போடு மொதல்ல."

சாப்பிட்டேன். அக்கா பரிமாறினாள். அத்தை என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். கிளம்பும்போது தெருமுனை வரை அக்கா வந்தாள்.

"எதுக்காக்கா வந்தே?" என்று கேட்டேன். "தீபாவளிக்கு. என்ன ஆச்சு?"

அவள் நின்றாள். "ஒண்ணுமே ஆகல. அதான் ஆச்சு. புதுச்சேல கட்டிட்டு வந்து நின்னேன். நல்லாருக்குதான்னு கேட்டேன். டிவியப் பாத்தாரு." சிரிக்கப் பார்த்தாள். "இதச் சொன்னா யாராச்சும் காரணம்னு ஒத்துக்குவாங்களா?"

"நான் ஒத்துக்கறேன்," என்றேன். அவள் நடக்கத் தொடங்கினாள்.

"வந்துருன்னு சொன்னேன்ல," என்றேன் மறுபடியும்.

"பாக்கலாம். பஸ்சு வந்துரும், போ."

மே 1, வெள்ளி

மாமியார், ரிமோட். திங்கட்கிழமையே எழுதி அனுப்பினேன். டாக்டர் ஹேமாவதியை விட்டுவிடவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஏன் விடவில்லை என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இன்று வந்தவுடன் படித்தேன். இரண்டு வரி போயிருந்தது. பிரசன்னாவிடம் சண்டை போட்டு ஒன்றைத் திரும்ப வாங்கினேன்.

மே 12, செவ்வாய்

தினமும் சாயங்காலம் அக்காவைக் கூப்பிடுகிறேன். முதல் வாரம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் "ம்" என்பாள், நானும் "ம்" என்பேன். இன்று மழை பெய்ததைச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் நாய்க்கு வைத்திருக்கும் பெயரைச் சொன்னேன். என் மேல் அவளுக்குக் கோபமா என்று கேட்டேன்.

"இருக்குது," என்றாள்.

"எவ்வளவு?"

"அளந்தா சொல்ல முடியும்? கொஞ்சம் கொறஞ்சிருக்குது. நாளைக்குக் கூப்புடு."

அவள் வருவாளா என்று தெரியவில்லை. ஜன்னலோரத்தைக் காலி பண்ணிவிட்டேன். மேசையை இழுக்கும்போது தரையில் கோடு விழுந்துவிட்டது. வருவாள் என்று நினைக்கிறேனா, வரவேண்டும் என்று நினைக்கிறேனா? இரண்டும் ஒன்றில்லை.

மே 23, சனி

"மாமா பேசறாங்களா?"

"பேசறாரு. மோட்டார் போடு, மோட்டார் நிறுத்து."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைக்காமல் இருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் "இருக்கறேன்க்கா" என்று அவ்வப்போது சொன்னேன்.

ஜூன் 7, ஞாயிறு

அக்கா இங்கே வரவில்லை. மாமாவோடும் இருக்கவில்லை. கோபியிலேயே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறாள். நர்சரி பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நேத்ராவை அங்கேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள். வீடு பார்க்கும்போது என்னிடம் சொல்லவில்லை. பால் காய்ச்சுவதற்குக் கூப்பிட்டாள். இன்று காலை போய்விட்டு வந்தேன். ஏன் தனியாக என்று இந்தமுறை கேட்டேன், "இங்க யாரும் பேசுவாங்கன்னு காத்துட்டிருக்க வேண்டியதில்ல," என்றாள்.